மாமாவுக்குக் கோடி எடுத்த மாட்டுப் பொங்கல்

"ரெண்டு வாளித் தண்ணி இழுக்கவே ஆளுக்கு மூச்சு வாங்குது. இவ எட்டு மைலு சைக்கிள் மிதிச்சு டவுனுக்குப் போயி வேல பாக்கப் போறாளாம்!"

சொன்னவர் என் மாமனார். சொன்ன இடம் மாட்டுத் தொழுவம். சொன்னது மாட்டிடம். நான் பக்கத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். என் காதில் விழ வேண்டும் என்று நினைப்பதையெல்லாம் மாமா மாட்டிடம்தான் சொல்வார். அன்றைக்கு மாடும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. அதற்கும் சந்தேகம் இருந்திருக்கும்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மூன்று வயதில் ஒரு மகன், பத்து மாதத்தில் ஒரு மகள். இரண்டு மாடு, ஏழு ஆடு, வானம் பார்த்த நாலு ஏக்கரில் பருத்தி. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்கு மட்டும் பையோடு வருவார். இத்தனைக்கும் நடுவில் ஒருத்திக்கு மூச்சு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் நான் பிளஸ் டூ படித்தவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான். (இதை நான் ஒரு நாளைக்கு இரண்டு முறை சொல்வேன் என்று வீட்டில் குற்றச்சாட்டு உண்டு. தவறு. மூன்று முறை.) அருப்புக்கோட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில், எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர் வேலை இருக்கிறது, பொங்கல் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வந்து சேரலாம் என்று சொல்லியிருந்தார்கள். காலை ஒன்பது மணிக்கு மணி அடித்துவிடுவார்கள். எங்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே ஒன்பதரைக்குத்தான். சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் இளைஞர் மன்றச் செயலாளர் தங்கராசுக்கு ஒரு யோசனை உதித்தது. தங்கராசு என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. மதுரையில் ஏதோ ஒரு சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டியிருக்கிறான். வெளிநாட்டில் நீந்திவிட்டு, சைக்கிள் ஓட்டிவிட்டு, அதோடு விடாமல் ஓடவும் செய்கிறார்கள் என்று அதில் படம் போட்டிருந்ததாம். வருடா வருடம் கோலப்போட்டியும் உறியடியும் நடத்திச் சலித்துப்போயிருந்த தங்கராசு, "இந்தப் பொங்கலுக்கு மகளிர் முப்போட்டி" என்று சாக்பீஸால் தட்டியில் எழுதி வைத்துவிட்டான்.

நீந்துவதற்கு எங்கள் சீமையில் தண்ணீருக்கு எங்கே போவது? வருடத்தில் பத்து மாதம் கண்மாயில் கிரிக்கெட் விளையாடுகிற ஊர் எங்களுடையது. அந்த வருடம் நல்ல மழை பெய்து என் மாமனார் கிணற்றில் மட்டும் மூன்று ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. "கிணறு உபயம்: திரு. சோலைமலை அவர்கள்" என்று மைக்கில் நாள் முழுக்கச் சொல்வதாகத் தங்கராசு வாக்குக் கொடுத்ததும் மாமா சம்மதித்துவிட்டார்.

தொழுவத்தில் மாட்டிடம் அவர் பேசி முடித்ததும் நான் சாணிக்கூடையைக் கீழே வைத்தேன்.

"மாமா, தங்கராசு நடத்துற மூணையும் நான் முடிச்சுக் காட்டுனா, வேலைக்கு விடுவீகளா?"

மாமா முதன்முறையாக மாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். லேசாக இருமினார். (அவருக்கு மார்கழி பிறந்தால் இருமல் வரும், அந்த வருடம் கொஞ்சம் கூடுதல். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து பழம் கொடுத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.)

"முடிச்சிட்டு வா. முடிச்சேன்னா திங்கக்கிழம நீ டவுனுக்குப் போ. பிள்ளைகள உங்க அத்த பாத்துக்கிருவா. நடுவுல நின்னுட்டேன்னா, அதுக்கப்புறம் வேலங்கிற பேச்சே இந்த வீட்ல வரக்கூடாது."

"வராது மாமா."

"மாடு சாட்சி," என்றார்.

இந்த விஷயத்தை என் அம்மா வீட்டுக்குச் சொல்லவில்லை. எல்லாக் கேட்டுக்கும் அதுதான் வேர். அம்மா வீடு வேப்பங்குளத்தில், திருச்சுழி சாலையில், ரோட்டோரத்து வீடு. கட்டிக்கொடுத்த மகள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பந்தயத்தில் ஓடுகிறாள் என்று தெரிந்தால் அம்மா முதல் பஸ்ஸிலேயே வந்து தடுத்துவிடுவாள். முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தங்கராசு போட்ட சைக்கிள் பாதை சரியாக அம்மா வீட்டு வாசல் வழியாகப் போகிறது என்று தெரிந்தபோது தட்டியில் என் பெயர் ஏறிவிட்டது.

மாட்டுப் பொங்கல் காலை. ஐந்து பேர் நின்றோம். மற்ற நான்கு பேரில் நீங்கள் ராசாத்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்; அவள் காடு கரையெல்லாம் சுமை தூக்கி உரமேறிய ஆள். நான் சேலையைத் தார் பாய்ச்சிக் கட்டி, மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டியிருந்தேன். எல்லாரும் கிணற்றுப் படியில் தயாராக நிற்க, மகள் வீறிட்டு அழுதாள். மைக்கில் தங்கராசுவின் குரல் காடு முழுக்கக் கேட்டது: "பாண்டியம்மாள் மதினி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பதால் முப்போட்டி பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கும். கிணறு உபயம், திரு. சோலைமலை அவர்கள்."

விதிகள் இவை. கிணற்றை இருபது சுற்று நீந்த வேண்டும். பிறகு சைக்கிளில் மெயின் ரோட்டுக்குப் போய், வேப்பங்குளம் தாண்டி ஒரு மைலில் இருக்கும் பாலத்தைத் தொட்டுத் திரும்பி, எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்குக்கு வர வேண்டும். அங்கே சைக்கிளை விட்டுவிட்டு ஊர் மந்தைத் திடல் வரை இரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். நடுவில் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. மீறினால் 'தகுதி நீக்கம்'. அந்தச் சொல்லைத் தங்கராசு புதிதாகக் கற்றிருந்தான். மூச்சுக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

விசில் ஊதியதும் குதித்தோம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிணற்று நீச்சல் தெரியும். நேராக நீந்தத்தான் தெரியாது. அதனால் வட்டம் என்பது எங்களுக்குச் சௌகரியம். நான் ஏழு சுற்று முடித்திருப்பேன். எதிரே வந்த ராசாத்தி இரண்டு முறை என் மேல் மோதினாள். ஒழுங்காக நீந்தத் தெரியாதவள் என்று மனசுக்குள் திட்டினேன். திடீரென்று மேலே கூச்சல். கிணற்று மேட்டில் மாமா துண்டை வீசிக்கொண்டு நின்றார்.

"நிறுத்துங்கப்பா! என் கெணத்துல இவ எழவுச்சுத்து சுத்துறா!"

அப்போதுதான் பார்த்தேன். மற்ற நாலு பேரும் கோயிலைச் சுற்றுவது மாதிரி வலமாகச் சுற்றுகிறார்கள். நான் மட்டும் இடமாக. எங்கள் ஊரில் எதையாவது இடமாகச் சுற்றினால் அது சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தோடு சுற்றுவது மட்டும்தான். மோட்டார் குழாய் இடைஞ்சலாக இருந்ததால் நான் எனக்கு வசதியான பக்கமாகத் திரும்பியிருந்தேன், அவ்வளவுதான்.

படித்த திமிர் தண்ணீருக்குள்ளும் விடவில்லை. மிதந்துகொண்டே சொன்னேன்: "மாமா, அறிவியல்படி எந்தப் பக்கம் சுத்துனாலும் தூரம் ஒண்ணுதான்."

"அறிவியலு செத்தா அத எந்தப் பக்கமாச் சுத்தித் தூக்குவாக? போ, வலமாச் சுத்து! இந்த வருசம் எனக்கு ஏற்கெனவே இருமலு!"

கரையில் நின்ற பெண்கள் எல்லாம் மாமா கட்சி. ஏழு சுற்றும் ரத்து. நான் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். இருபதையும் முடித்துப் படியேறியபோது ராசாத்தியின் சைக்கிள் கண்ணுக்கெட்டாத தூரத்தில் போய்விட்டிருந்தது. கொண்டை அவிழ்ந்து தலைமுடி முதுகில் விரிந்து கிடந்தது. முடிய நேரமில்லை.

சைக்கிள் வீட்டுக்காரருடையது. உயரமானது. ஏறி உட்கார்ந்தால் எனக்குக் கால் தரையில் எட்டாது. ஏறுவதற்கு ஒரு கல் வேண்டும், இறங்குவதற்கும் ஒரு கல் வேண்டும். கிணற்று மேட்டில் துவைக்கிற கல் இருந்தது, ஏறிவிட்டேன். இனி இறங்கினால் மைல்கல் பார்த்துத்தான் இறங்க வேண்டும். இதோடு எட்டு மைல் தினமும் போகப்போகிறேன் என்று மாமாவிடம் மார்தட்டியவள் நான்தான்.

வேப்பங்குளம் நெருங்கியது. அம்மா வாசலில் பொங்கல் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். பார்த்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்து, விரிந்த முடியை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு மிதித்தேன்.

"ஏத்தா... பாண்டியா அது?"

பேசினால் தகுதி நீக்கம். நிற்காமல் போய்விட்டேன்.

பாலத்தில் மன்றத்து ஆள் ஒருவர் உட்கார்ந்து, வருகிறவர்கள் கையில் மையால் ஒரு கோடு போட்டார். கோடு வாங்கித் திரும்பினேன். இந்த முறை அம்மா நடுரோட்டில் நின்றாள். கையில் செம்பு நிறையத் தண்ணீர். பின்னால் என்னைப் பெற்ற அய்யா, அவர் தம்பி சின்னய்யா, தெருப் பெண்கள்.

"நில்லுத்தா! என்னான்னு ஒரு வார்த்த சொல்லு! இந்தத் தண்ணியவாவது குடி!"

இறங்க அங்கே கல் இல்லை. பேச விதி இல்லை. வாங்கக் கூடாது. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு அம்மாவைச் சுற்றிக்கொண்டு போனேன். வேர்வையும் கிணற்றுத் தண்ணீரும் புழுதியும் சேர்ந்து கண்ணில் எரிந்து நீராகக் கொட்டியது.

நான் என்னை விளையாட்டு வீராங்கனையாக நினைத்துக்கொண்டு போகிறேன். வேப்பங்குளத்துக்காரர்கள் பார்த்தது வேறு. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தலைவிரித்து, சொட்டச் சொட்ட ஈரச்சேலையோடு வெளியில் வருவது செத்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கும்போது மட்டும்தான். கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்ல வந்த ஆள் எந்த வீட்டிலும் ஏற மாட்டார். தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். நான் முதலில் போன திசையில்தான் என் பெரியப்பா ஊர். கேதமென்றால் மூத்த வீட்டுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். எல்லாம் பொருந்தியது. சம்பந்தி சோலைமலை இருமிக்கொண்டிருந்தது அவர்கள் போன வாரம் பார்த்தது. நான் ஒரு வார்த்தை பேசாமலே என் மாமனாருக்கு முறைப்படி கேதம் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் தெரியாமல் இரண்டு மைல் மிதித்தேன். சேலை முந்தி செயினில் சிக்கியது. சைக்கிளும் நானும் ரோட்டோரப் பள்ளத்தில், சீமைக்கருவேலஞ் செடிக்குள் விழுந்தோம். சேலையைக் கிழித்து எடுத்து, கழன்ற செயினை மாட்ட உட்கார்ந்தேன். மாட்டினால் கழன்றது. கழன்றதை மாட்டினேன். அரை மணி நேரம் இருக்கும். முகமெல்லாம் மசகு. ஒரு பஸ் கடந்துபோனது. அதன் கூரையில் ஒரு சைக்கிள் கிடந்தது, உள்ளே ஜன்னலோரம் என்னோடு போட்டியிட்டவர்களில் ஒருத்தி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு டிராக்டர் சத்தம். மாட்டுப் பொங்கலுக்குச் சந்தனம் பூசி, பலூன் கட்டிய டிராக்டர். ஓட்டுவது என் சின்னய்யா. பின்னால் டிரெய்லரில் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் முகத்தில் துணியை வைத்து அழுகிறார்கள். நடுவில் தலைவிரிகோலமாக என் அம்மா, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டு போகிறாள்:

"ஒரு சொல்லுக் கடிஞ்சு சொல்லாத உத்தமரே... எம் மகள மகளாட்டம் பாத்த மகராசனே..."

நான் கையை ஆட்டிக் கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பள்ளத்தில் மசகு முகத்தோடு கருவேலஞ் செடிக்குள் கத்துகிறவளைப் பார்த்திருந்தாலும் மகள் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. மகள் என்றால் நான். என்னை மகளாட்டம் பார்த்த மகராசன் என்றால்... யாரும் அப்படிப் பார்க்கவில்லையே என்று ஒரு கணம் குழம்பினேன். ஒப்பாரி என்றால் அப்படித்தான் பாடுவார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மாமா போய்விட்டார்.

எங்கள் ஊரில் நடந்த கேதம் எனக்கு முன்னால் வேப்பங்குளத்துக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்க பிளஸ் டூ படிப்பு போதவில்லை. காலையில் நான் இடமாகச் சுற்றிய ஏழு சுற்றுதான் மனதில் ஓடியது. "எனக்கு ஏற்கெனவே இருமலு" என்றாரே! சொன்ன மனிதரிடம் மிதந்துகொண்டு அறிவியல் பேசினேனே!

அழுதுகொண்டே செயினை ஒரே அழுத்தில் மாட்டினேன். (அதுவரை மாட்டாதது.) மைல்கல்லில் ஏறி மிதித்தேன். விலக்கில் கல் தேடவில்லை. சைக்கிளோடு சாய்ந்து விழுந்து எழுந்து ஓடினேன். அங்கே நின்றிருக்க வேண்டிய மன்றத்து ஆள் டிராக்டருக்குப் பின்னாலேயே ஊருக்குள் போய்விட்டிருந்தார். கேட்க ஆளில்லை. இரண்டு கிலோமீட்டர். நான் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. பந்தயம், வேலை, திங்கட்கிழமை எதுவும் மனதில் இல்லை. மாமா முகத்தை ஒருதடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நான் வருவதற்கு முன் மந்தையில் நடந்ததைப் பிறகு ஊரே எனக்கு நடித்துக் காட்டியது.

டிராக்டர் வந்து நின்றதும் வேப்பங்குளத்துப் பெண்கள் இறங்கி, பந்தயம் பார்க்க நின்றிருந்த எங்கள் ஊர்ப் பெண்களைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கட்டிப்பிடித்து அழ வருகிறவளைக் கட்டிப்பிடித்து அழுவதுதான் மரியாதை, விசாரணையெல்லாம் பிறகு. ஆகவே எங்கள் ஊர்ப் பெண்களும் வட்டமாக நின்று அழுதார்கள். என் மாமியார் என் அம்மாவின் தோளில் சாய்ந்து நன்றாக அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டிருக்கிறார்: "யாருக்கு மதினி, என்னாச்சு?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. "என்னயக் கேக்குறீகளே மதினி! என்னயக் கேக்குறீகளே!" என்று மேலும் அழுதிருக்கிறாள்.

மேடையிலிருந்த தங்கராசு பாட்டை நிறுத்திவிட்டு மைக்கில் அறிவித்தான்: "எதிர்பாராத கேதம் காரணமாக மகளிர் முப்போட்டி இத்துடன் முடித்துக்கொள்ளப்படுகிறது." எல்லைக்கயிற்றையும் அவிழ்த்துவிட்டான். ராசாத்தி மட்டும் முக்கால் மணி நேரம் முன்பே முடித்து, பரிசுக் குடத்தை வாங்கிக்கொண்டு, கறிக்குழம்பு வைக்க வீட்டுக்குப் போயிருந்தாள்.

கிணறு கொடுத்த மரியாதைக்கு மாமாவை எல்லைக்கோட்டில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கேதம் என்றதும் மாமாவும் மற்ற ஆண்களும் முறைப்படி வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்கள். என் அய்யா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொரு கையாகத் தொட்டு வந்தார். நாலாவது கை மாமாவுடையது. தொட்டார். ஐந்தாவது கைக்குப் போனார். பிறகு நாலாவது கைக்குத் திரும்பி வந்தார்.

பின்னால் மாலையோடு வந்த சின்னய்யாவுக்கு அழுகையில் கண் தெரியவில்லை.

"எங்க கெடத்தியிருக்கீக?" என்று மாமாவிடமே கேட்டார்.

"யார?"

"எங்க சம்பந்தியத்தான்."

"எந்தச் சம்பந்திய?"

"என்ன இப்பிடிக் கேக்குறீக? சோலைமலை அண்ணனத்தான்!"

மாமா அக்கம்பக்கம் பார்த்தாராம். "அது நாந்தானப்பா," என்றாராம்.

சின்னய்யா அதிர்ச்சியில் கையிலிருந்ததை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். அது அவர் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த செவ்வந்தி மாலை. மாமாவுக்கு முழங்கால் வரை தொங்கியது. செத்தவருக்குச் சம்பந்தி வீட்டார் போர்த்த வேண்டிய கோடித்துணியாக, அய்யா பொங்கலுக்கு எடுத்து உடுத்தாமல் வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டு வந்திருந்தார். அவசரத்தில் அதையும் தோளில் போர்த்திவிட்டார்கள்.

இந்தக் கோலத்தில் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான், நான் வாயெல்லாம் நுரை தள்ள மந்தைக்குள் நுழைந்தேன். மாலை தெரிந்தது. கோடி தெரிந்தது. உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. எங்களில் செத்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டுவதும் உண்டு. "மாமா!" என்று அலறிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் அவர் காலில் விழுந்தேன். "ஏழு சுத்து சுத்திட்டேனே மாமா! அறிவியல் பேசுனேனே மாமா!"

கால் பின்னால் இழுத்துக்கொண்டது. "அடச்சீ, எந்திரி! மசகெல்லாம் புது வேட்டியில ஒட்டுது," என்றார் மாமா.

நான் எழுந்து அவரைப் பார்த்தேன். அவர் இருமினார். அத்தனை இனிமையான இருமலை நான் கேட்டதில்லை. கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா ஓடிவந்து, அழுகையை நிறுத்தாமலே என் முதுகில் நாலு சாத்து சாத்தினாள்.

"அடியே, சைக்கிள் ரேசுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா என்னடி?"

"பேசுனா தகுதி நீக்கம்மா!"

"உன்னய நான் நீக்குறேன் வா!"

விஷயம் எல்லாருக்கும் விளங்கக் கால் மணி நேரம் ஆனது. சிரித்து ஓய்ந்த பிறகு நான் தங்கராசுவிடம் போய்க் பாலத்தில் கையில் போட்ட கோட்டைக் காட்டினேன். "தங்கராசு, நான் முடிச்சிட்டேன். என் பேர எழுது."

அவன் தலையைச் சொறிந்தான். "மதினி, நீங்க வர்றதுக்கு முந்தியே முடிஞ்சதுன்னு மைக்கில சொல்லிட்டேனே. கேதத்துக்காக நிறுத்துனது."

"எந்தக் கேதம்?"

தங்கராசு மாமாவைப் பார்த்தான். கூட்டமும் பார்த்தது. அவன் மன்றச் செயலாளராக இருக்கத் தகுதியானவன்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மைக்கை எடுத்து நிதானமாகச் சொன்னான்: "பெரியய்யா, கேதம் நெசம்னா, பந்தயம் அப்பவே முடிஞ்சது, மதினி முடிக்கல. கேதம் இல்லேன்னா, பந்தயம் நிக்கவே இல்ல, மதினி முடிச்சிட்டாக. நீங்கதான் சொல்லணும்."

மாமா மாலையைத் தள்ளி விட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "ஏலே, அப்ப ஒண்ணு நான் செத்திருக்கணும், இல்லாட்டி இவ வேலைக்குப் போகணும். அதானல சொல்ற?"

"யோசிச்சுச் சொல்லுங்க பெரியய்யா. அவசரமில்ல."

மாமா உண்மையிலேயே யோசித்தார். முகவாயைத் தடவினார். வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்: கிழிந்த சேலை, முள் கிழித்த கை, மசகு முகம். என் திங்கட்கிழமை அந்த மாலைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

பொறுக்க முடியாமல் மாமியார்தான் கத்தினார்: "இதுல யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? உசுரோட இருக்கேன்னு சொல்லித் தொலைங்களேன்!"

"இருத்தா. அவுக இவ்வளவு தூரம் வந்து அழுதிருக்காக," என்றார் மாமா. இன்னும் கொஞ்சம் யோசித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "நான் செத்துட்டேன்னுதான் ஓடி வந்தியா?"

"ஆமா மாமா."

"விலக்குலருந்தா? நிக்காமயா?"

"நிக்காம மாமா."

"மூச்சு வாங்கல?"

"தெரியல மாமா."

மாமா தொண்டையைச் செருமினார். "எழுதிக்கோலே தங்கராசு," என்றார். "நான் சாகல. அவ முடிச்சிட்டா."

தங்கராசு எழுதினான். மற்றவர்கள் பாதி வழியிலேயே நின்றுவிட்டதால், மகளிர் முப்போட்டியில் முடித்தவர்கள் இரண்டு பேர், நான் இரண்டாவது. என் மகள் பசியில் அழுததால் கைதட்டலை நின்று கேட்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு வாசல் அம்மிக்கல்லில் ஏறி சைக்கிளை எடுத்தேன். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இன்றோடு நாலு வருடம் ஆகிறது. இப்போது யூ.கே.ஜி.க்கும் நான்தான் டீச்சர். பிள்ளைகளை அத்தைதான் பார்த்துக்கொள்கிறார். கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது என்பதால் அந்த வேட்டி மாமாவுக்கே ஆனது. விசேஷ வீடுகளுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறார். "எழவுக்கு எடுத்தது, ஆனா நயம் துணி" என்று கேட்காதவர்களுக்கும் சொல்கிறார். மார்கழியில் இருமல் வந்தால் வீட்டுக்குள் பார்த்து, "பாண்டியம்மா, சைக்கிள எடுத்துக்கிட்டு வேப்பங்குளம் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு" என்பார். மொத்த வீடும் சிரிக்கும். என் மகனுக்கு இப்போது ஏழு வயது, அவனும் சொல்கிறான். வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து கடிதம் போட்டால் கடைசி வரி, "அப்பா உயிரோடு இருக்கிறாரா, இல்லை, நீ எங்கேயாவது குளித்துவிட்டு சைக்கிளில் போனாயா?"

அடுத்த மாதம் விருதுநகரில் மாவட்ட அளவில் இதே போட்டி வைக்கிறார்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இந்த முறை நீச்சல்குளமாம். நேராக நீந்தப் பழகிக்கொண்டிருக்கிறேன். சைக்கிள் பாதை மல்லாங்கிணறு வழியாகக் காரியாபட்டி வரை போகிறது. அந்த வழியில் எங்கள் சொந்தக்காரர் வீடு மொத்தம் பதினேழு.

ஆகவே பதினேழு தபால் கார்டு வாங்கினேன். "நலம். நலமறிய ஆவல். வருகிற மாதம் முதல் ஞாயிறு காலை நான் தலைவிரித்து, ஈரத்துணியோடு, சைக்கிளில் உங்கள் வீட்டைத் தாண்டிப் போவேன். கூப்பிட்டால் நிற்க மாட்டேன். தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டேன். யாரும் அழ வேண்டாம். இங்கு எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்" என்று எழுதினேன். நல்ல சேதிதான் என்பது படிக்காமலே தெரிவதற்கு ஒவ்வொரு கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். அப்படியும் நம்ப மாட்டார்கள் என்றார் மாமா. மையில் பெருவிரலை முக்கி, பதினேழு கார்டிலும் கடைசி வரிக்குக் கீழே தன் கைநாட்டை அழுத்தி வைத்தார். பள்ளிக்கூடம் போகிற வழியில், இன்று காலை, எல்லாவற்றையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.